ஆண்டவர் மன்னிச்சிட்டார்னா ஏமாந்தவன்கிட்ட வர வேணாமா?

ஒலிவமரம்:
எங்கூட கூட்டா தொழில் பண்ணி கணக்குல ஏமாத்தினவர் இப்ப ரட்சிக்கப்பட்டு சபையில சாட்சி சொல்றாரு, "பழைய வாழ்க்கைய ஆண்டவர் துடைச்சிட்டார், நான் புது மனுஷன்"னு. நான் அதே சபையில பின் வரிசையில உக்காந்திருக்கேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னாங்க, அவர் என்னைத் தாண்டித்தான் வாசலுக்கு நடந்து போனாரு, ஒரு வார்த்தை பேசல. பணம் போனா போகுது, இது மனந்திரும்புதலா?

கிருபைமட்டும்:
உங்க வலி புரியுது பிரதர். ஆனா இரட்சிப்புக்கு நாம கண்டிஷன் போட முடியாது. 1 யோவான் 1:9ல பாவத்தை அறிக்கையிட்டா மன்னிச்சு சுத்திகரிப்பார்னுதான் இருக்கு. இயேசு பக்கத்துல சிலுவையில தொங்கின கள்ளன் யாருக்கு என்ன திருப்பிக் கொடுத்தான்? அன்னைக்கே அவனுக்குப் பரதீசுன்னு இயேசு சொல்லிட்டாரு. தாவீது ராஜா தன் படைவீரன் உரியாவைக் கொல்ல வச்சவர், 51ம் சங்கீதத்துல ஆண்டவர்கிட்ட "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து"ன்னுதான் அழறாரு.

பழையஏடு:
கள்ளன் சிலுவையில இருந்து இறங்கி நடக்க முடியாது, இவரு வாசல் வரைக்கும் நடக்கிறாரே. உரியா செத்தே போயிட்டான், தாவீது யார்கிட்ட போவாரு? வரி வசூலிக்கிற சகேயுவைப் பாருங்க, ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தரேன்னு இயேசு முன்னால சொன்னான். எண்ணாகமம் 5:7 படி தானா ஒத்துக்கிட்டவன் முதலோட அஞ்சுல ஒரு பங்கு சேத்துக் கொடுத்தா போதும். நாலு மடங்குங்கிறது யாத்திராகமம் 22:1ல ஆட்டைத் திருடி அடிச்சவனுக்கும் வித்தவனுக்கும் உள்ள தண்டனை, அதை சகேயு தனக்குத் தானே போட்டுக்கிட்டான், அதுக்கப்புறம்தான் இயேசு "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது"ன்னாரு.

கிருபைமட்டும்:
உன் வீட்டுக்கு வரேன்னு சகேயுகிட்ட இயேசு சொன்னது அதுக்கும் முன்னாடி! கிருபை முந்தி, கனி (அதால வர்ற நல்ல செயல்) பிந்தி, வரிசையை மாத்தாதீங்க. ஈடு கட்டினாத்தான் மன்னிப்புன்னா கட்டவே வழியில்லாதவன், கொலை பண்ணிட்டு உள்ள இருக்கிறவன் கதி என்ன? நாமளே அடைச்சிட முடியும்னா சிலுவை எதுக்கு?

மெழுகுவத்தி:
நான் கத்தோலிக்கப் பொண்ணு. ஃபாதர்கிட்ட சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு எங்களைச் சொல்லுவீங்க, ஆனா எங்க திருச்சபையோட மறைக்கல்வி நூல் 1459ம் பத்தியில திருடினதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பேரைச் சரிபண்ணுன்னு தெளிவா இருக்கு, பாவமன்னிப்பு வாங்கினாலும் அந்தக் கடமை போகாது. ஒண்ணு மட்டும் சேத்துக்கிறேன், அடி உதை வாங்கினவங்க சிலருக்கு அந்த ஆள் முன்னால வந்து நிக்கிறதே திரும்பவும் ரணம், அங்க தன் மனசு லேசாகணும்னு போய் நிக்கிறதும் தப்பு. பணம் அப்படியில்ல, யார் மூலமாவது கொடுத்தனுப்பலாம்.

ஒலிவமரம்:
பாஸ்டர் என்கிட்ட மத்தேயு 6:15 சொல்றாரு, நீ மன்னிக்கலன்னா உனக்கும் மன்னிப்பில்லன்னு. சரிதான், அதுக்காக ஜெபம் பண்ணிட்டுத்தான் இருக்கேன். ஆனா ஒரே அதிகாரம் முன்னாடி 5:24ல காணிக்கையை பலிபீடத்துகிட்ட வச்சிட்டு முதல்ல போய் சகோதரனோட ஒப்புரவாகுன்னு இருக்கே, அதை ஏன் அவருக்குச் சொல்ல மாட்டேங்கிறாங்க? ஏமாந்தவனுக்கு மட்டும்தான் வசனமா?

கிருபைமட்டும்:
மேடை கொடுக்கிறதுக்கு முன்னாடி பாஸ்டர் அவர்கிட்ட கேட்டிருக்கணும், அது சபையோட பொறுப்பு. அதுக்காக அவர் ரட்சிக்கப்படலன்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். மத்தேயு 18:15 படி நீங்களே தனியா போய் பேசிப் பாருங்க பிரதர்.

பழையஏடு:
அதுக்கு அடுத்த வசனத்தையும் படிங்க, கேக்கலன்னா ரெண்டொருத்தரை சாட்சிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுது. கணக்கு நோட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்கண்ணே.