பதில்: பதில்: கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) முகாமுக்கு ஒன்றரை லட்சம் கேட்டு வந்த கடிதம்

சங்கத்து உறவுகளுக்கு,

பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் முகாம் நடத்த நம் சங்கத்திடம் ஒன்றரை லட்சம் கேட்டிருக்கிறார்கள். அந்த முகாம் நோட்டீஸைச் சின்ன அத்தை படம் பிடித்து அனுப்பினதைப் பார்த்தேன். பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை, 50 பெண்கள், ஒரே டாக்டர், ஆளுக்கொரு சேலை. இதற்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது.

பீகாரில் அராரியா மாவட்டம் கபர்ஃபோராவில் 2012 ஜனவரி 7 அன்று இப்படித்தான் நடந்தது. நடத்தியதும் ஒரு தொண்டு நிறுவனம்தான். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில், பள்ளிக்கூட மேசைமேல் படுக்க வைத்து, ஒரே டாக்டர் இரண்டு மணி நேரத்தில் 53 பேருக்குக் கருத்தடை ஆபரேஷன். குழாய்த் தண்ணீர் இல்லை, கையுறை மாற்றவில்லை. ஒரு பெண் கர்ப்பமாக இருந்தது தெரியாமலே செய்து, கரு கலைந்தது. முன்னாடியே சிறுநீர் சோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும்.

தேவிகா பிஸ்வாஸ் என்ற சுகாதார உரிமைச் செயற்பாட்டாளர் இதை விசாரித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். ஆபரேஷனே வேண்டாம் என்பதல்ல அவர் வழக்கு. ஏழைப் பெண்ணை ஆடுமாடு மாதிரி வரிசையில் நிறுத்தாதே என்பது. 2010-லிருந்து 2013 வரை கருத்தடை ஆபரேஷனால் 363 சாவுகள் என்ற கணக்கு அதில்தான் நீதிமன்றத்தின் முன் வந்தது. வழக்கு நடக்கும்போதே, 2014 நவம்பரில், சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் 13 பேர் செத்தார்கள். 2016 செப்டம்பர் 14-ல் தீர்ப்பு: மூன்று ஆண்டில் முகாம்களை நிறுத்து, இலக்கு வைக்காதே, விவரத்தைப் பெண்ணின் சொந்த மொழியில் சொல்லிவிட்டு, மனசு மாற ஒரு மணி நேரமாவது விடு. இழப்பீட்டையும் கணிசமாகக் கூட்டச் சொன்னார்கள்.

கருவியைப் பாருங்கள். ஒரு லேப்ராஸ்கோப்பை, அதாவது வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கருவியை, ஒருவருக்குப் பயன்படுத்தினால், கழுவி, 2 சதவீத குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் 20 நிமிஷம் ஊறவைத்த பிறகே அடுத்தவருக்கு. ஒரே கருவியில் 50 பேர் என்றால் ஊறும் நேரமே பதினாறரை மணி நேரத்துக்கு மேல். அதனால்தான் மூன்று கருவி இருந்தாலும் ஒரு நாளைக்கு 30 பேர் என்று வரம்பு. நோட்டீஸில் கருவிக் கணக்கே இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தால் கத்தி வைக்கக் கூடாது. அந்தச் சோதனையும் இல்லை. ஆனால் 'கணவர் கையெழுத்து கட்டாயம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது சட்டத்தில் இல்லாத ஒன்று.

— மஸ்கட்

---

தம்பி சொன்னது சரி. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம், செய்துகொள்கிற பெண்ணுக்கு அரசே பணமும் கொடுக்கிறது. அப்புறம் ஒன்றரை லட்சம் எதுக்கு? பந்தல் 40,000, சேலை 35,000, 'இதர' 75,000. அந்த 'இதர'வைத்தான் தேர் வருஷத்திலும் பார்த்தோம்.

— பொருளாளர்

---

அண்ணே, தேர்க் கணக்கை இங்க இழுக்காதீங்க. பக்கத்து ஊர்க்காரன் கண் முகாம் நடத்திப் பேப்பர்ல போட்டுட்டான். நம்ம ஊர் மட்டும் வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?

— சிங்கப்பூர்

---

மாப்ளே, பேர்தான் வேணும்னா ஆம்பளைங்களைக் கூப்பிடுங்க. கத்தியில்லா வாசக்டமி, அதாவது ஆம்பளைங்களுக்கான கருத்தடை, தையல் கிடையாது, அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். மூணு மாசம் கழிச்சு விந்துச் சோதனை செஞ்சு சான்றிதழ் வாங்கணும், அதுவரைக்கும் ஆணுறை. அதையும் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டு அவங்க இடத்துலயே செய்யட்டும். நம்ம சங்கம் வண்டி வாடகை மட்டும் கொடுக்கும். முதல் பேரா யார் பேரை எழுத?

— மஸ்கட்

---

வண்டி வாடகைக்கு ரசீது வேணும்.

— பொருளாளர்