தலைநுள்ளல்: பூக்கும் செடியின் நுனியை எடுப்பதற்கு ஒரு சொல்

டொரண்டோவிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். ஒரு சொல் கேட்டு வந்திருக்கிறேன். தோட்டக்கலைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் கஞ்சாவுக்கும் ஓர் அத்தியாயம். திடுக்கிட வேண்டாம். இங்கே 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டம் அனுமதித்த செடி, பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடி வரை வளர்க்கலாம். என் சிக்கல் இதுதான்: பூக்க முன்னம் நுனியை எடுப்பது, பூக்கத் தொடங்கிய பிறகு இலையைக் குறைப்பது, அடியில் வெயில் படாமல் மெலிந்து கிடக்கிற கிளைகளை அகற்றுவது என்று மூன்று வேலைக்கு மூலத்தில் மூன்று சொல். நான் மூன்றையும் "கவாத்து" என்று எழுதிவிட்டேன். திரும்பப் படித்தால் எனக்கே விளங்கவில்லை.

கோவையிலிருந்து:

நுனிக்கு "நுனி கொய்தல்". மற்ற இரண்டுக்கும் "இலை நீக்கம்", "கீழ்க்கிளை நீக்கம்". பொருள் தெளிவு, இலக்கணமும் சரி.

சென்னையிலிருந்து:

கொய்தல் எல்லாம் எதற்கு? கிள்ளல் என்றாலே போதுமே.

நாகர்கோவிலிலிருந்து:

டொரண்டோ அக்காவுக்கு வணக்கம். அந்தச் செடியில் எனக்கு அனுபவம் கிடையாது, இருந்திருந்தாலும் இங்கே எழுதமாட்டேன். நம்மூரில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், அந்தச் செடியின் பூக்கும், காய்க்கும் நுனியைத்தான் கஞ்சா என்று வரையறுக்கிறது. நுனி சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. நீங்கள் சொல் தேடுகிற அதே நுனி! எனக்குத் தெரிந்தது கேந்தி என்கிற செண்டுமல்லியும், மல்லியும் பிச்சியும்தான். ஆனாலும் செடி எதுவானாலும் கத்தரி போகிற இடம் ஏறக்குறைய ஒன்றே.

முதலில் கவாத்து. பொதுவாக அது நல்ல சொல்தான், வேளாண்மைத் துறையும் அதைத்தான் எழுதுகிறது. மல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில் தண்ணீரை நிறுத்தி, கொப்புகளைச் சேர்த்துக் கட்டி, தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டித் தள்ளுகிறோமே, அதுதான் கவாத்து. செடியை மொட்டையடித்து மறுபடி தொடங்கவைக்கிற வேலை. போலீஸ்காரர் மைதானத்தில் செய்வதும் கவாத்துதான் என்பதை விட்டுவிடுவோம். விரல் நுனியால் செய்கிற வேலைக்கும் அரிவாளால் செய்கிற வேலைக்கும் ஒரே பெயர் வைத்தால் படிக்கிறவர் அரிவாளைத்தான் எடுப்பார். எடுத்த ஆள் நான். கையேட்டில் "கவாத்து செய்க" என்று பார்த்துவிட்டு, மாசம் பார்க்காமல் பங்குனியில் வீட்டு மல்லியை வெட்டினேன். அப்போது அது புதுத்தளிர் விட்டு, தளிர் நுனியெல்லாம் அரும்பு கட்டி நின்றது. மல்லி பூப்பது அந்தப் புதுத்தளிரில்தான். சித்திரை முழுக்க எங்கள் வீட்டில் இலைதான் பூத்தது. வீட்டுக்காரி அதற்குப் பிறகு என் கையில் கத்தரி தருவதில்லை.

கொய்தலும் ஆகாது. "கொய்மலர்" என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது, காம்போடு வெட்டிக் கடைக்குப் போகிற பூ அது. நுனி கொய்தல் என்றால் பூவை அறுவடை செய்வதாகத்தான் படும், கஞ்சா விஷயத்தில் அது இன்னும் மோசம். கிள்ளலிலும் இதே கோளாறு உண்டு. வெற்றிலைக் கொடிக்காலில் கிள்ளுவதுதான் அறுவடை. கிள்ளி எடுத்ததைக் கவுளியாக அடுக்கி விற்கிறோம். நமக்கு வேண்டியது எடுத்ததைத் தூர எறிந்துவிட்டு, விட்டுவைத்த இடத்தைப் பார்க்கிற சொல்.

அந்தச் சொல் தோவாளைப் பக்கம் கிடக்கிறது. செண்பகராமன்புதூரில் என் பெரியம்மை ஓணத்துக்காகக் கேந்தி போடுவாள். நாற்றைப் பிடுங்கி நட்டு ஒரு மாசம் கழித்து, ஆடி பிறக்கிற சமயம், விடியக்காலை வரிசையாகக் குனிந்துகொண்டே போவாள். பெருவிரல் நகமும் ஆள்காட்டி விரலும், அவ்வளவுதான் கருவி. ஒவ்வொரு செடியின் தலையிலும் ஒரு அழுத்து, டிக்கென்று ஒரு சத்தம், துண்டு கீழே விழும். வரிசை முடிகிறபோது நகக்கண் பச்சை பிடித்து, கையெல்லாம் கேந்தி இலை மணக்கும். சின்ன வயதில் நான் கேட்டேன், "எதுக்கு பெரியம்மை நல்ல செடிய ஒடிக்கிய?" என்று.

"ஒடிக்கல மக்ளே, நுள்ளுகேன். அதுக்க தலைய நுள்ளி விட்டாத்தான் கொப்பு வெடிக்கும். இல்லேன்னா ஒத்தையா ஏறிப் போயி ஆடிக் காத்துல சாயும்."

இரண்டு காரணத்தையும் அவளே சொல்லிவிட்டாள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு ஒல்லியாக உயர்ந்த செடி நிற்காது, குட்டையாகப் பரந்தது நிற்கும். மற்றதைப் பாடப்புத்தகம் "நுனி ஆதிக்கம்" என்கிறது. நுனி மொட்டில் உண்டாகிற ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழே இறங்கிப் பக்க மொட்டுகளைத் தூங்கவைக்கிறது. நுனி போனதும் அந்தத் தடை விலகி, அடுத்த கணுவில் இரண்டு பக்கமும் கொப்பு கிளம்பும். ஒரு தலை இருந்த இடத்தில் இரண்டு தலை, பூவும் அதற்கேற்பப் பெருகும். ஆனால் பூக்கச் சில நாள் பிந்தும். அதனால்தான் பெரியம்மை ஓணத்திலிருந்து பின்னோக்கி நாள் எண்ணுவாள். உங்கள் ஊரிலும் கோடை முடிந்து இரவு நீளத் தொடங்கியதும் அந்தச் செடி பூக்குமே, அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் இதே கணக்குதான்.

ஆகவே முதல் வேலைக்கு என் பரிந்துரை தலைநுள்ளல். நுள்ளல் என்ற வினையில் அறுவடை வாடை இல்லை. பிடி சிறியது, வலி சிறியது. தண்டு முற்றி நார் ஏறிவிட்டால் நகத்தால் முடியாது, கத்தரி வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். கத்தரியால் செய்தாலும் எடுப்பது அதே அளவு, செய்வது அதே நோக்கத்தில். பெயர் மாறத் தேவையில்லை.

அடியில் மெலிந்து கிடப்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம், அடிக்கொப்பு கழித்தல். மரச்சீனி, அதாவது மரவள்ளி, கம்பு முளைத்து வரும்போது வலுவான இரண்டு முளையை விட்டுவிட்டு மற்றதை ஒடித்துக் கழிப்போம், அதே எண்ணம்தான். (மரச்சீனி என்றதும் நினைவு வருகிறது. வெளியூர் உறவினர் ஒருவர் எங்கள் பின்புறத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி "இதெல்லாம் வெளிப்படையாவா வைப்பாங்க?" என்று கேட்டார். கஞ்சா இலை போலவே விரல் விரித்த இலை செய்கிற வேலை.)

இலை விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். "நீக்கம்" என்றால் மொத்தமாகப் போய்விட்டது போலிருக்கிறது. பூக்கும் காலத்தில் செய்வது அதுவல்ல. இலைதான் செடிக்கு அடுப்பு, எல்லாவற்றையும் உருவினால் பூவுக்குச் சோறு ஏது? அரும்பை மறைக்கிற இலையை மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்து உள்ளே வெளிச்சமும் காற்றும் விடுவது. ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதும் ஒரு காரணம். பெரியம்மை பிச்சிப் பந்தலில் "கொஞ்சம் வெளிச்சம் காட்டி விடு" என்பாள். அழகான பேச்சு, கலைச்சொல்லாக நிற்காது. இலை கோதல் என்று வைக்கலாமா? பறவை சிறகைக் கோதுகிறது, நாம் தலைமுடியைக் கோதுகிறோம். இரண்டிலும் சிக்கலும் உதிரியும் போகும், சிறகும் முடியும் இருக்கும்.

சென்னையிலிருந்து:

கோதல் பிடித்திருக்கிறது. நுள்ளல்தான் இடிக்கிறது, இது வட்டாரச் சொல். மதுரைக்கு வடக்கே யாருக்குப் புரியும்?

நாகர்கோவிலிலிருந்து:

தம்பி, "நுனி ஆதிக்கம்" மட்டும் பிறந்தபோதே புரிந்ததா? பள்ளிக்கூடத்தில் படித்ததால் புரிகிறது. புதுச்சொல்லைப் படித்துத்தான் ஆகவேண்டும் என்றால், யாரோ ஒருவர் வாயிலாவது உயிரோடு இருக்கிற சொல்லாக இருக்கட்டுமே.

டொரண்டோவிலிருந்து:

அண்ணா, உங்கள் மடலில் அந்தச் சொல்லைக் கண்டதும் சிரித்துவிட்டேன். யாழ்ப்பாணத்திலும் நாங்கள் நுள்ளுறது என்றுதான் சொல்லுவோம்! பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையை நுள்ளி அடி வாங்கியிருக்கிறேன். கையேட்டில் எழுதினால் கொச்சையாகிவிடும் என்று நானாகவே ஒதுக்கிவைத்த சொல் அது. இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள், அவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

இப்போது அந்தப் பத்தி இப்படி வந்திருக்கிறது, பாருங்கள்: "செடி வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும்போதே தலைநுள்ளலை முடித்துவிடுக. நுள்ளிய பின் செடி தேற ஒன்றிரண்டு வாரம் விடுக. பூக்கத் தொடங்கும் வேளையில் அடிக்கொப்பு கழிக்கலாம். பூ திரளத் தொடங்கிய பின் தலையில் கை வைக்க வேண்டாம். அரும்பை மறைக்கும் இலையை மட்டும் சிறிது சிறிதாகக் கோதுக."

கோவையிலிருந்து:

கொய்தலை மீட்டுக்கொள்கிறேன். கொய்மலர் நினைவுக்கு வரவில்லை. கோதல் சரி, கழித்தல் சரி. நுள்ளலுக்கு மட்டும் முதன்முறை வரும் இடத்தில் "நகத்தால் நுனியை எடுத்தல்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், எங்கள் பக்கத்து ஆட்களும் பிழைத்துப்போகட்டும்.