புதுப்பிப்பு: வக்கீல் பில் பாக்கி பேசி முடிந்தது

முன்பு கேட்டிருந்தேன்: சொத்து வழக்கு முடிந்தும் வக்கீல் அலுவலகத்தின் கடைசி பில் பாக்கி நிற்கிறது, முழுதாகக் கட்ட வழியில்லை, குறைத்துக் கேட்கலாமா என்று. கேட்கலாம். 70 சதவீதத்துக்கு முடிந்தது.

உங்களில் சிலர் சொன்னபடி முதலில் விவரப் பட்டியல் கேட்டேன். என்ன தேதி, என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று வரிவரியாக வந்தது. ஒரே சந்திப்புக்கு சீனியரும் ஜூனியரும் தனித்தனியாக நேரம் போட்டிருந்தார்கள். நான் சண்டைக்குப் போகவில்லை. "சார், வேலையை நல்லா முடிச்சுக் கொடுத்தீங்க, இந்த வரி மட்டும் புரியல" என்றேன். பேச்சு அங்கேதான் திரும்பியது.

தவணை என்றால் முழுத்தொகை என்றார்கள். ஒரே தடவையில், உடனே தருகிறேன் என்றதும் இறங்கி வந்தார்கள்.

பணம் அனுப்பும் முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். எனக்கு வந்த முதல் மின்னஞ்சலில் "தொகையைப் பெற்றுக்கொள்கிறோம்" என்று மட்டும் இருந்தது. அது போதாது, மீதியைப் பிறகு கேட்க இடம் இருக்கிறது. பில் எண்ணைக் குறிப்பிட்டு, "இத்தொகையுடன் கணக்கு முழுமையாகத் தீர்ந்தது, மீதி கோரமாட்டோம்" என்று எழுதித் தரச் சொன்னேன். தந்தார்கள். அதன் பிறகே பணம் போனது.

பேச்சு முடியும் முன் நல்லெண்ணத்துக்காகக் கொஞ்சம் கட்டுவதையும் யோசித்துச் செய்யுங்கள். பல நாடுகளில் பகுதித் தொகை கட்டினால் கடனை வசூலிக்கும் காலவரம்பு புதிதாகத் தொடங்கும்.

கோப்பும் அசல் பத்திரங்களும் கைக்கு வந்துவிட்டன. பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.