மறு: ‘நாக் ஆன்’ கைதவறலா, முன்தட்டலா?

> கைதவறல்னே வெச்சுக்கலாமே, யாருக்கும் விளக்கவே வேண்டாம்

வணக்கம் நண்பர்களே,

ரக்பில பந்து கையில பட்டு முன்னாடி போயிடற தப்புக்கு நாக் ஆன்னு பேர், அதைத் தமிழ்ல எப்படிச் சொல்லலாம்ங்கற பேச்சுல வந்த ‘கைதவறல்’ எனக்கும் முதல்ல ரொம்ப பிடிச்சுது. கைதவறி விழுந்துடுச்சுன்னு நாம தினமும் சொல்றதுதானே. ஆனா நேத்து ராத்திரி ரக்பி நடுவர்களுக்கான ஆன்லைன் க்விஸ் கேள்வி கொஞ்சத்தை தமிழ்ல எழுதிப் பார்த்தேன், மூணாவது கேள்வியிலயே மாட்டிக்கிச்சு. பந்தோட ஓடறவர் கையிலேர்ந்து பந்து நழுவி பின்பக்கமா, அதாவது அவரோட சொந்த கோல் கோட்டுப் பக்கமா விழுது, நடுவர் என்ன செய்யணும்? விசில் ஊதக்கூடாது, ஆட்டம் தொடரணும், அதான் விடை. ஆனா அந்த இடத்துல “இது கைதவறலா?”ன்னு கேட்டா யாரா இருந்தாலும் ஆமான்னுதான் சொல்வாங்க, நிஜமாவே கைதவறித்தானே போச்சு. சட்டம் தெரிஞ்சவரையே வார்த்தை தப்பான விடைக்கு இழுத்துட்டுப் போகுது.

இன்னொரு கேள்வி இதுக்கு நேர் எதிர். எதிரணி பாஸ் போடறப்ப பிடிக்க வாய்ப்பே இல்லாம ஒருத்தர் ஒரு கையை நீட்டி வேணும்னே பந்தை முன்னாடி தட்டி விடறார். அதுக்கு, சாதாரண நாக் ஆனுக்குக் குடுக்கற ஸ்க்ரம் (ரெண்டு அணியும் முட்டித் தள்ளி ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கறது) இல்ல, அதைவிடக் கடுமையான பெனால்டி. “வேணும்னே கைதவறல்”னு எழுதினேன், படிக்கவே முடியல.

அப்ப முன்தட்டலே இருக்கட்டும்னு சிலர் சொல்றீங்க. வேணும்னே தட்டினதுக்கு அது அழகா பொருந்துது, ஆனா பிடிக்கப் போய் நழுவவிட்டவர் எதையும் தட்டலையே? அதைவிடப் பெரிய குறை, அதுல கைங்கறதே இல்ல. பந்து நெஞ்சுல பட்டு முன்னாடி போனா குத்தமில்ல, தலையால முட்டினாலும் குத்தமில்ல, கால்ல உதைக்கறது ஆட்டத்தோட பாதி. கையோ புஜமோ பட்டு எதிரணிப் பக்கமா போய், பிடிக்கறதுக்குள்ள தரையையோ இன்னொரு ஆளையோ தொட்டாத்தான் நாக் ஆன். க்விஸ் எழுதறவங்க ஆளை மடக்கறதே இந்த நெஞ்சு, தலை, கை வித்தியாசத்துலதான்.

முன்கைப்பிழைன்னு வந்த யோசனையில கை இருக்கு, ஆனா முன்கைன்னா முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல இருக்கற பகுதி, அதுல பட்டா மட்டும்தான் தப்புன்னு படிச்சிடுவாங்க.

என் யோசனை கைமுந்தல். கையும் இருக்கு, திசையும் இருக்கு, தெரிஞ்சா தெரியாமலாங்கறதைப் பத்தி வாயே திறக்கல. வினையாவும் நல்லா வருது: “சிவப்பு அணி கைமுந்திடுச்சு, நீல அணிக்கு ஸ்க்ரம்”, “வேணும்னே கைமுந்தினா பெனால்டி”. ரக்பியோட 11வது சட்டத்துல இதோட ஜோடியா வர்றது பந்தை கையால முன்னாடி எறியறது, அதுக்கு முன்வீச்சு போதும், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வர்றப்ப குழப்பமே வராது.

கோபக்காரங்களைப் பத்தி வாய்க்கு முன்னாடி கை முந்தும்னு சொல்றோமே, அடிதடின்னு நினைச்சுக்க மாட்டாங்களான்னு நானே யோசிச்சேன். ஆட்டத்துக்கு நடுவுல பந்தைப் பத்திப் பேசறப்ப அப்படித் தோணாதுன்னு நம்பறேன்.

எதிராளி உதைச்ச உடனே பாய்ஞ்சு கையால தடுத்தா பந்து முன்னாடி போனாலும் ஆட்டம் தொடரும், அந்த விதிவிலக்கு கைமுந்தல்ங்கற பேர்லேர்ந்து தெரியாதுதான். நழுவின பந்தை தரையில படறதுக்குள்ள அவரே திரும்பப் பிடிச்சுட்டா தப்பில்லைங்கறதும் தெரியாது. அதெல்லாம் சட்டத்தைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும், இங்கிலீஷ் பேரும் அதைச் சொல்லலையே. கலைச்சொல் எல்லாத்தையும் சுமக்க வேண்டாம், படிச்சவரை தப்பான விடைக்குத் தள்ளாம இருந்தா போதும்.

முன்தட்டல்தான் வேணும்கறவங்க அந்த நெஞ்சுல பட்டு முன்னாடி போற கேள்வியை மட்டும் உங்க வார்த்தையில எழுதி, ரக்பியே தெரியாத ரெண்டு பேருக்குக் குடுத்துப் பாருங்க. அவங்க சரியா சொல்லிட்டா நான் மாத்திக்கறேன்.