தடித்ததா, வளர்ந்ததா? உலோக–கரிமப் படல ஆய்வில் பட்டவை

தாமிரக்காரி எழுதியது:

உலோக–கரிமச் சட்டகங்களை உருவாக்கியதற்காக 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் அறிவிக்கப்பட்ட பிறகுதான், நான் பகல் முழுதும் என்ன செய்கிறேன் என்பதை வீட்டாருக்குச் சொல்லிப் புரியவைக்க முடிந்தது. மூங்கில் சாரம் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கழிகள் சேரும் முடிச்சுகள் உலோக அயனிகள், கழிகள் கரிம மூலக்கூறுகள். அந்தச் சாரத்தைத் தூளாகக் குடுவையில் விளைவிப்பவர்கள் பலர். நான் அதைத் தங்கம் பூசிய தகட்டின்மீது மெல்லிய படலமாக, அடுக்கடுக்காக வளர்க்கிறேன்.

செய்முறை எளிது. முதலில் தங்கத்தின்மேல் தயோல் என்னும் கந்தகம் கொண்ட கரிம மூலக்கூறு படியவைக்கப்படும். அதன் கந்தக முனை தங்கத்தைப் பற்றிக்கொள்ள, மறுமுனையில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி மேல்நோக்கி நிற்கும். பிறகு தகட்டை எத்தனாலில் கரைத்த தாமிர அசிடேட்டில் 15 நிமிடம் முக்கி, தூய எத்தனாலில் கழுவி, கழிகளாக அமையும் டிரைமெசிக் அமிலத்தின் கரைசலில் 30 நிமிடம் முக்கி, மீண்டும் கழுவ வேண்டும். இது ஒரு சுற்று. கிறிஸ்டோஃப் வோல் குழுவினர் 2007இல் இப்படி அடுக்கடுக்காக வளர்க்கும் முறையை வெளியிட்டனர். இதில் விளைவது ஹெச்கேயூஎஸ்டி-1. 1999இல் அதை முதலில் உருவாக்கிய ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெயர்ச்சுருக்கத்தையே அது தாங்கியிருக்கிறது.

தானியங்கிக் கருவி பழுதாகியிருந்ததால் அந்த வாரம் 20 சுற்றுகளையும் கையாலேயே செய்தேன். ஒரு சுற்றுக்குக் கழுவலுக்கான இரண்டு ஐந்து நிமிடங்களையும் சேர்த்து ஏறக்குறைய 55 நிமிடம் ஆகும். இரண்டாம் நாள் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. தேக்கா சந்தையில் வாழையிலையும் வெற்றிலையும் வாங்கிவரச் சொல்லி அம்மா மூன்று முறை அழைத்துவிட்டார். கடைசி எட்டுச் சுற்றுகளில் ஐந்து நிமிடக் கழுவலை, இடுக்கியில் பிடித்தபடி இரண்டு முறை அலசுவதாகச் சுருக்கிவிட்டேன். கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை.

திங்கட்கிழமை படலத்தைக் கீறி, கீறலின் ஆழத்தை அணுவிசை நுண்ணோக்கியில் அளந்தபோது, முன்பு அதே 20 சுற்றுகளில் கிடைத்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்கு தடிமன் இருந்தது. மகிழ்ச்சியோடு நெறியாளரிடம் ஓடினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “தடித்திருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். கேள்வியின் பொருள் மறுநாள் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில்தான் விளங்கியது. ஹைட்ராக்சில் பரப்பின்மீது ஒழுங்காக வளரும் படலத்தின் படிகங்கள் யாவும் ஒரே திசையில் நிற்பதால், சோதனை வரைபடத்தில் 5.8 பாகையிலும் 11.6 பாகையிலும் சிகரங்கள் தெளிவாகத் தெரியும். வேறு திசைகளுக்குரியவை தலைகாட்டக் கூடாது. என் படலத்திலோ 6.7, 9.5 பாகைகளிலும் சிகரங்கள் எழுந்திருந்தன. தூளைத் தட்டில் கொட்டி அளந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். கழுவப்படாமல் பரப்பில் தேங்கிய தாமிரம், அடுத்து வந்த அமிலத்தோடு படலத்தின்மீது அன்றி, அதையொட்டிய திரவத்திலேயே சேர்ந்து, திசையற்ற மணிகளாகப் படிந்துவிட்டது. ஒவ்வொரு முக்கலிலும் பரப்பில் இடம் உள்ள அளவு மட்டுமே உலோகம் பற்ற வேண்டும் என்பதுதான் இம்முறையின் உயிர். மிச்சத்தை அகற்றுவது கழுவல் ஒன்றே. அதை நான் துப்புரவு வேலையாக எண்ணியிருந்தேன். இப்போது என் குறிப்பேட்டில் முக்கல்களுக்கு ஒரு நிரல் இருப்பதைப்போலக் கழுவலுக்கும் தனி நிரல் உண்டு, தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் சேர்த்து.

வெற்றிடத்தான் எழுதியது:

நீங்கள் எத்தனாலில் கழுவுகிறீர்கள், நான் நைட்ரஜனில் கழுவுகிறேன். பட்ட அடி ஒன்றுதான். நான் ஒரு நிறுவனத்தில் வெற்றிடக் கலத்துக்குள் ஆவிகளை மாறி மாறிச் செலுத்தி அலுகோன் என்னும் படலத்தை வளர்க்கிறேன். உலோகத்துக்கு டிரைமெத்தில் அலுமினியம், கரிமத்துக்கு எத்திலீன் கிளைக்கால். முன்னது காற்றுப் பட்டாலே தீப்பற்றும் என்பதால் எல்லாருடைய அச்சமும் அதன்மீதே இருக்கும். எனக்குத் தொல்லை தந்தது என்னவோ சாதுவான கிளைக்கால்.

அதன் கொதிநிலை 197 பாகை செல்சியஸ், எளிதில் ஆவியாகாது. ஆகவே குப்பியையும் குழாயையும் சூடாக்கியே வைத்திருக்க வேண்டும். சூடேற்றும் பட்டையை நானே சுற்றினேன். ஒரு வளைவில் ஒரு சாண் நீளம் விடுபட்டுப்போனது, அந்த வளைவுக்கு நேர்மேலே குளிரூட்டியின் காற்றுத்துளை. கிளைக்கால் ஆவி அங்கே குளிர்ந்து தங்கி, நைட்ரஜன் ஓடும் நேரம் முழுவதும் சிறுகச் சிறுகக் கசிந்து கலத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அடுத்துச் செலுத்திய அலுமினிய ஆவி அதைப் பரப்பைச் சேருமுன்பே ஆவியிலேயே எதிர்கொண்டுவிட்டது.

குவார்ட்ஸ் நுண்தராசின் வரைபடத்தில் நிறை ஒவ்வொரு செலுத்தலுக்கும் படிக்கட்டைப்போல ஏறி, பின் சமமாக நிற்க வேண்டும். எனக்குப் படி ஏறியது, சமதளம் இல்லை. கோடு சாய்ந்தபடியே மேலே போயிற்று. இந்தப் படலத்தின் வளர்ச்சி ஒரு சுற்றுக்கு 85 பாகையில் சுமார் 4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), 175 பாகையில் சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம் என வெளிவந்த அளவுகள் உள்ளன. வெப்பநிலை ஏற ஏற வளர்ச்சி குறைவதால், மிகையாக வந்த எண்ணைப் பார்த்ததும் கலம் சூடாகவில்லை போலும் என்று எண்ணி, இரண்டு வாரம் வெப்பமானியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் வளைவைக் கையால் தொட்டுப் பார்த்த பயிற்சி மாணவிதான், “அண்ணா, இந்த இடம் மட்டும் ஏன் சில்லென்று இருக்கிறது?” என்று கேட்டார்.

இரண்டாமாண்டு எழுதியது:

அக்கா, ஒரு சிறிய ஐயம். காலையில் வெளிர்நீலமாக இருந்த என் ஹெச்கேயூஎஸ்டி-1 படலம், வெற்றிட அடுப்பில் வைத்து எடுத்ததும் கத்தரிப்பூ நிறமாக மாறிவிட்டது. மதியம் மீண்டும் வெளிர்நீலம். கழுவியதில் குறை இல்லை. படலம் கெட்டுவிட்டதா?

தாமிரக்காரி எழுதியது:

அது கெடவில்லை தம்பி, காற்றைக் குடித்திருக்கிறது. இந்தச் சாரத்தின் முடிச்சு ஒவ்வொன்றிலும் இரண்டு தாமிர அயனிகள் இணைந்து நிற்கின்றன. அவற்றின் வெளிப்பக்க முனைகளில் நீர் மூலக்கூறுகள் வந்து அமரும். சூடாக்கினால் அவை எழுந்துபோய் நிறம் அடர்கிறது. நம்மூர்க் காற்றில் திறந்து வைத்தால் திரும்பி வந்துவிடுகின்றன. சிங்கப்பூரில் ஒப்பீரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். அதனால் நிறம் திரும்புவதைத் தடுக்க முடியாது. ஆனால் நாள்கணக்கில் அப்படியே விட்டால் நீர் முனைகளில் அமர்வதோடு நில்லாமல் கழிகளையே முடிச்சிலிருந்து கழற்றத் தொடங்கும். அப்போதுதான் படலம் உண்மையாகவே கெடும். சிகரங்கள் தணிந்து அகன்றிருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள்.

ஈரமற்ற மந்த வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிக்கு வரிசையில் நிற்க நேரமில்லையென்றால், புகைப்படக்காரர்கள் லென்ஸ் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வீட்டில் வைத்திருக்கும் ஈரம் நீக்கும் அலமாரி நன்றாக உதவும். என் மாமாவின் பழைய அலமாரி ஒன்று இப்போது என் மேசைக்கடியில் இருக்கிறது. மேல்தட்டில் தகடுகள், கீழ்த்தட்டில், அவர் எடுத்துப்போக மறந்த ஒரு நிக்கான் லென்ஸ்.