ஈர ஃபெல்டிங்கில் மினுமினு இழை உதிருதே, என்ன செய்யலாம்?

ஊட்டி_நூல்கூடை: கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் வளர்க்கும் பாரத் மெரினோ ஆட்டுக் கம்பளியில், ஈர ஃபெல்டிங் முறையில் (சோப்பு நீர் விட்டுத் தேய்த்துக் கம்பளியைத் துணியாக இறுக்குவது) மஃப்ளர் செய்கிறேன். மேலே நைலான் மினுமினு இழை பரப்பினால், காய்ந்தபின் விரல் பட்டதும் கற்றையாகக் கழன்று வருகிறது. சோப்பை மாற்றணுமா? ஏஞ்சலினா என்கிற இன்னொரு மினுமினு இழையும் சேர்க்கலாமா? இதற்கெல்லாம் சாயம் பிடிக்குமா?

கோத்தகிரி_கம்பளி: சோப்பு மேல் தப்பில்லைங்க. கம்பளி மயிரில் செதில் உண்டு. வெந்நீரும் உரசலும் பட்டால் ஒன்றையொன்று கவ்வி இறுகும். நைலான் வழவழன்னு இருக்கும், தானாக எதையும் பிடிக்காது. அடியிலுள்ள கம்பளி அதன் ஊடே மேலேறி வந்து கட்டினால்தான் நிற்கும். தடிமனாகப் பரப்பினால் கம்பளிக்கு வழியே இல்லை.

100 கிராம் கம்பளிக்கு 5 கிராம் இழை தாராளம். கீழே இருக்கும் நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகப் பிரித்துப் போடுங்க. அதன்மேல் சிலந்திவலை மாதிரி ஒரு இழுப்பு கம்பளி. கொசுவலைத் துணி மூடி, வெதுவெதுப்பான சோப்பு நீர் தெளித்து, முதலில் உள்ளங்கையால் அமுக்கினால் போதும், தேய்க்க வேண்டாம். பிறகு லேசாகத் தேய்க்கும்போது வலையை அடிக்கடி தூக்கிவிடுங்க, இல்லாவிட்டால் கம்பளி வலையோடு பின்னிக்கொள்ளும். கிள்ளிப் பார்த்து மினுமினு தனியாக எழாத பிறகே, இன்னும் இறுகுவதற்காகச் சுருட்டி உருட்டணும்.

கம்பளி சுருங்கும், நைலான் சுருங்காது. அதனால் மேலே சின்னச் சின்ன வளையமாக எழும்பும். பார்க்க அழகுதான், ஆனால் கம்மலில் மாட்டும். மஃப்ளருக்கு இது வேண்டாமென்றால், இழையைக் கம்பளியோடு சேர்த்துக் கை கார்டரில் (கம்பிப் பல் வைத்த சீவு பலகை) சீவிவிடுங்க. மினுக்கு கொஞ்சம் அடங்கும், உதிர்வது வெகுவாகக் குறையும்.

குன்னூர்_சாயக்கடை: நைலானுக்குக் கம்பளிக்குப் போடும் ஆசிட் சாயமே பிடிக்கும், வினிகர் விட்டு. ஊட்டியில் தண்ணீர் கிட்டத்தட்ட 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கவலை வேண்டாம், 85-90 டிகிரியில் அரைமணி போதும். ஒரே பானையில் போட்டால் நைலான் முந்திக்கொண்டு சாயத்தைக் குடித்துவிடும், தனித்தனியாகப் போடுங்க. கம்பளிப் பானையைக் கிளறவே கூடாது, அங்கேயே ஃபெல்ட் ஆகிவிடும்.

ஏஞ்சலினா பாலியஸ்டர், இந்தச் சாயம் ஏறாது. அதில் சூட்டில் ஒட்டும் ரகம் தன்னோடு தான் மட்டுமே ஒட்டும், கம்பளியில் ஒட்டாது. இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவே வைத்து, இஸ்திரிப் பெட்டியைப் பட்டுச் சூட்டில் சில நொடி வையுங்க, இழைகள் ஒட்டித் தகடாகிவிடும். சூடு கூடினால் மினுக்கு செத்து மங்கலாகிவிடும். ஓட்டை ஓட்டையாக வருகிற மெல்லிய தகடானால் வெட்டி கம்பளிக்கு அடியில் வைக்கலாம். கெட்டியான தகட்டைக் கம்பளி ஊடுருவாது.

கோத்தகிரி_கம்பளி: ஒன்று விட்டுப்போச்சு. அலசும் தண்ணீரைத் துணியில் வடிகட்டியே கொட்டுங்க. உதிர்வது அத்தனையும் பிளாஸ்டிக்.