சம்பள ஃபைலை ஐடி அட்மின் திறக்காமல் பூட்ட வழி இருக்குதுங்களா?

கணக்குப்பிள்ளை:
திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேனுங்க. 140 பேர் சம்பளமும் விண்டோஸ் சர்வர்ல ஒரு ஃபோல்டர்லதான் கிடக்குது. போன மாசம் இன்கிரிமெண்ட் லெட்டர் அடிக்கறதுக்கு முன்னாடியே கட்டிங் செக்‌ஷன் வரைக்கும் யாருக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சுபோச்சு. அட்மின் தம்பி நல்ல பையன், அவன்தான்னு சொல்ல ஆதாரமும் இல்லைங்க. ஆனா முதலாளி, "அவன் கண்ணுலயும் படக்கூடாது"ங்கறார். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கு 'டினை' (அனுமதி மறுப்பு) போட்டா போதுங்களா? அதையும் அவன்கிட்டதான் போடச் சொல்லணும், அதுதான் கூத்து.

சர்வர்ரூம்_வாசி:
போதாதுங்க. 16 வருஷமா நானும் அட்மின்தான், சொல்றேன். டினை போட்டாலும் டேக் ஓனர்ஷிப் பண்ணி (ஃபைலோட உரிமையைத் தன் பேருக்கு மாத்தி) பர்மிஷனை மாத்திக்கலாம், ஒரு நிமிஷ வேலை. அதுகூட வேண்டாம், விண்டோஸோட காப்பி டூல் ரோபோகாப்பியை பேக்கப் மோடுல ஓட்டினா பர்மிஷனையே பார்க்காது. இதை ஓட்டைன்னு சொல்ல முடியாது. படிக்க முடியாதவன் எப்படி பேக்கப் எடுப்பான்? முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் பண்ற பிட்லாக்கரும் டிஸ்க்கைத் தூக்கிட்டுப் போறவனுக்குத்தான் பூட்டு. சர்வர் ஓடிட்டு இருக்கும்போது கதவு திறந்தேதான் இருக்கும்.

சாவி உங்ககிட்ட மட்டும் இருக்கணும். எக்செல்ல ஃபைல், இன்ஃபோ போய் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்' போடுங்க. 'ப்ரொடெக்ட் ஷீட்' பூட்டே இல்லை. எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ஸாவே சேவ் பண்ணுங்க, பழைய எக்ஸ்எல்எஸ்ல பூட்டு சொத்தை. பூட்டாத பழைய காப்பி ஏற்கெனவே பேக்கப்ல உட்கார்ந்திருக்கும், அதையும் மறந்துடாதீங்க.

இரவு_ஷிஃப்ட்:
உங்க பிசியும் டொமைன்லதானே (சர்வர்ல இருந்தே எல்லா பிசியையும் நிர்வகிக்கற கம்பெனி நெட்வொர்க்)? அப்போ அதுக்கும் அவர்தான் அட்மின். நீங்க பாஸ்வேர்ட் அடிக்கறதையே பிடிக்க மென்பொருள் போடலாம். டொமைன்ல சேராத ஒரு லேப்டாப்ல மட்டும் அந்த ஃபைலைத் திறங்க. கூடவே ஃபோல்டருக்கு ஆடிட்டிங் போட்டு (யார் ஃபைலைத் தொட்டாலும் 4663ங்கற நிகழ்வா லாக்ல பதிவாகும்), அந்த லாகை அவர் கை படாத வேற மெஷினுக்கு உடனுக்குடன் அனுப்பச் சொல்லுங்க. செக்யூரிட்டி லாகை அழிச்சா, அழிச்சதே 1102ன்னு பதிவாகும். அட்மினா இருந்த ஸ்னோடன் ரகசியங்களை வெளியிட்ட விவகாரத்துக்கு அப்புறம் 2013ல அமெரிக்க உளவு அமைப்பு என்எஸ்ஏவே அட்மின் வேலைக்கு இரண்டு பேர் விதி (ஒருத்தர் தனியா செய்யக்கூடாது) கொண்டுவந்தது. உங்க இடத்துல இருக்கறதே ஒருத்தர்தான், அதனால லாகை முதலாளி பாக்கட்டும்.

ஒண்ணு கேக்கறேன், பிரிண்ட் எங்கே எடுக்கறீங்க?

கணக்குப்பிள்ளை:
பொது பிரிண்டர்லதாங்க. கட்டிங் ஆபீஸ் வாசல்ல இருக்குது. 😐
லேப்டாப்புக்கு முதலாளி ஒத்துக்கிட்டார். பாஸ்வேர்ட் மறந்துட்டா?

சர்வர்ரூம்_வாசி:
மறந்தா மைக்ரோசாஃப்ட்டும் திறந்து தராது. பேப்பர்ல எழுதி, கவர்ல ஒட்டி, ஒட்டின இடத்துல கையெழுத்து போட்டு முதலாளி லாக்கர்ல வைங்க. அந்தப் பேப்பரை மட்டும் பிரிண்ட் எடுத்துடாதீங்க.